பாசியும் காற்றும்: ஒரு திருத்தம்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மறையுரையில், நம் கரையோரப் பெண்கள் வளர்க்கும் கடற்பாசி உலகின் காற்றையே தூய்மையாக்குகிறது என்று சற்று உற்சாகத்துடன் கூறிவிட்டோம். செய்தித்தாளில் படித்ததை ஒப்பித்தோமேயன்றி ஆராய்ந்து கூறவில்லை. அந்த வாரமே, பாக் விரிகுடாவில் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கும் ஒரு தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார்.

"சாமி, காத்தைச் சுத்தம் பண்றதுக்குன்னு எங்களுக்குத் தனியாப் பணம் வருமாமே? அதை நம்பி இன்னும் இருபது மிதவைக்குக் கடன் வாங்கலாமா?"

கடன் என்ற சொல் நம்மைத் திடுக்கிடச் செய்தது. "மூன்று நாள் பொறுங்களம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டுப் படிக்க உட்கார்ந்தோம்.

பாசி கரியமில வாயுவை உண்டு வளர்வது மெய்யே. ஆயினும் அது எடுப்பது கடல்நீரில் கரைந்திருக்கும் வாயுவை. அக்குறையைக் கடல் காற்றிலிருந்து நிரப்பிக்கொண்டால்தான் காற்றில் குறையும். அதற்கு நாள் செல்லும்; அதற்குள் நீரோட்டம் அந்நீரை ஆழத்துக்கு இழுத்துச் சென்றுவிட்டால் கணக்குத் தவறும். அன்றியும், நீரிலுள்ள நைட்ரேட், பாஸ்பேட் சத்துகளைப் பாசி உண்டுவிட்டால், அவற்றை நம்பி வாழும் மிதவை நுண்தாவரங்கள் நலியும்; அவை உறிஞ்சியிருக்கக்கூடிய வாயு அப்படியே நின்றுவிடும்.

இவற்றையெல்லாம் அறிஞர்கள் கணிப்பொறியில் ஒரு கடலையே அமைத்துக் கணக்கிடுகின்றனர். 2023-இல் வெளியான அத்தகைய ஆய்வொன்றின்படி, ஆண்டுக்கு 100 கோடி டன் கரிமத்தைப் பாசியாக அறுவடை செய்ய, மிக வளமான நிலநடுக்கோட்டுப் பசிபிக் கடலிலேயே 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பயிரிட வேண்டும். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு 1.30 லட்சம்தான்! உலகம் எரிபொருளால் ஆண்டுதோறும் காற்றில் விடும் கரிமமோ ஏறத்தாழ 1,000 கோடி டன்.

அறுவடையோடும் காரியம் முடிவதில்லை. நம் கரையில் 45 நாளில் அறுத்து உலர்த்தும் பாசி, காராஜீனன் என்னும் பசைப்பொருளாகிப் பனிக்கூழிலும் பற்பசையிலும் சேர்கிறது. உண்டு கழிந்தபின் அதிலுள்ள கரிமம் காற்றுக்கே திரும்பிவிடும். நூற்றாண்டுகள் அடங்கியிருக்க வேண்டுமாயின் ஆழ்கடலில் அமிழ்த்த வேண்டும். அமிழ்த்திவிட்டால் அந்தத் தாயின் வீட்டில் அடுப்பு எரிவது எவ்வாறு? மேலும், இது பிலிப்பைன்ஸிலிருந்து வந்த இனம். மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் இது படர்ந்ததை 2008-இலேயே ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். மிதவைகளைப் பெருக்குமுன் எண்ண வேண்டியது இதுவுந்தான்.

சொன்னபடி வந்தவரிடம் அனைத்தையும் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். "அப்போ பாசிய வித்த காசுதான் காசு, இல்லையா சாமி?" என்றார். ஆமென்றோம்.

மறு ஞாயிறு பீடத்தின் முன் நின்று நமது கூற்றைத் திருத்தினோம். முன்வரிசையில் சிலர் சிரித்தனர். அத்தாய் ஐந்து மிதவைக்கு மட்டும் மகளிர் குழுவில் கடன் பெற்று, விதைப்பாசி கட்டிவிட்டார்.