நெடுந்தீவில் ஒரு நடை: கண்டது, கேட்டது, வாசித்தது

குறிகாட்டுவான் இறங்குதுறையில் காலையில் இரண்டு வரிசைகள் நிற்கும். பூவும் அர்ச்சனைத் தட்டுமாக நிற்பவர்கள் நயினாதீவுக்குப் போகிறவர்கள். அரிசி மூட்டை, எரிவாயுச் சிலிண்டர், சைக்கிள், மருந்துப் பொட்டலம் என்று சுமையோடு நிற்பவர்கள் நெடுந்தீவுக்குப் போகிறவர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தும் நான் நின்றது எப்போதும் முதல் வரிசையில்தான். இரண்டாவது வரிசையில் நிற்க எனக்கு இத்தனை வருடங்கள் ஆகியிருக்கின்றன.

நான் போனது வழிகாட்டிகளைப் பார்க்க. இடங்களைப் பற்றி எழுதியவர்கள் பலர். அந்த இடங்களை நாள்தோறும் வாயால் கட்டி எழுப்புகிற மனிதர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. நெசவையும் மட்பாண்டத்தையும் தொழில் என்கிறோம். ஒரு நிலத்தை அந்நியனுக்குச் சொல்லிக் காட்டுவதும் அப்படி ஒரு தொழில்தானா என்று பார்க்க விரும்பினேன்.

படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடியது. மாவலி இறங்குதுறையில் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம், வளரும் கல், குதிரை எல்லாவற்றையும் பின்னேரப் படகுக்கு முன் காட்டிவிடுவதாகச் சொன்னார்கள். எனக்காகக் காத்திருந்த வழிகாட்டி அண்ணையும் ஓட்டோ ஓட்டுகிறவர்தான். அறுபது வயதைத் தாண்டியவர், சாரம், தோளில் துவாய், கையில் ஒரு தடி. "ஓட்டோவில இடத்தைப் பாக்கலாம் தம்பி. ஊரைப் பாக்கிறதெண்டால் நடக்கவேணும்" என்றார். தெரிந்த வீட்டுப் படலையடியில் ஓட்டோவை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினோம்.

நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீட்டர். மலையில்லை, ஆறில்லை. மேல்மண் மெல்லிய தோல்போல. அதற்குக் கீழே முருகைக்கல். போர்த்துக்கேயர் இதை மாடுகளின் தீவு என்றார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். மற்றப் பெயர்கள் உதிர்ந்துவிட்டன. நெடுந்தீவுக்குச் சூட்டிய டெல்வ்ற் மட்டும் இன்றும் அரசாங்கக் கடிதங்களில் நிற்கிறது.

முதலில் வளரும் கல். தரையிலிருந்து எழுந்து நிற்கும் ஒரு முருகைப்பாறை. நான் எதிர்பார்த்தது, "இந்தக் கல் வளர்ந்துகொண்டிருக்கிறது" என்ற அறிவிப்பை. அவர் சொன்னது வேறு: "இது வளருதெண்டு சொல்லுவினம். என்ர அம்மம்மாவும் அப்பிடித்தான் சொன்னவ. நான் சின்னனில ஒரு கயிறெடுத்து அளந்து முடிச்சுப் போட்டு வைச்சனான். பிறகு இடம்பெயர்ந்து போகேக்க அந்தக் கயிறு வீட்டோட போட்டுது."

மேலே ஒன்றும் சொல்லாமல் நடந்தார். கல்லைவிட அந்தக் கயிறுதான் எனக்குள் நின்றது.

வழியெல்லாம் கல்வேலிகள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை; கல்மேல் கல். ஒரு வளவில் மூன்று பேர் சரிந்த வேலியைத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அலவாங்கால் அடிக்கல்லை நெம்பி இருத்தினார். மற்றவர் ஒவ்வொரு கல்லையும் கையில் உருட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் கீழே போகவேண்டும் என்று முடிவெடுத்தார். அடி அகலம், போகப் போக ஒடுக்கம். மேற்கல் ஒன்று கீழ்க்கற்கள் இரண்டின்மேல் இருக்கவேண்டும். நடுவில் சிறுகல் நிரப்பவேண்டும். ஆனால் எல்லா இடைவெளியையும் அடைக்கக் கூடாதாம். "காத்துக்கு வழி விட்டால்தான் மதில் நிக்கும்" என்றார் மூத்தவர். வாடைக்காற்றும் சோளகமும் ஆறுமாதத்துக்கு ஒருமுறை திசைமாறி அடிக்கிற தீவில் அது அனுபவம் தந்த கணக்கு. கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. அதனால் விழுந்த பழைய கற்களே மீண்டும் மீண்டும் வேலியாகின்றன.

எனக்கு ஸ்கொட்லாந்தின் மேட்டுநிலங்கள் நினைவுக்கு வந்தன. அங்கேயும் சாந்தில்லாத கல்வேலிகள் உண்டு. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் செம்மறிப் பண்ணைகளுக்காக நிலப்பிரபுக்கள் குடியானவர்களைக் கிளப்பிவிட்ட ஊர்களின் கல்வீடுகள் கூரையின்றி நிற்கின்றன. அவற்றினூடாக ஆட்களை நடத்திக் கூட்டிச்சென்று கதை சொல்வது அங்கே மதிப்புள்ள தொழில். நெடுந்தீவிலும் வேலி இருந்து வீடில்லாத வளவுகள் எத்தனையோ. போரும் இடப்பெயர்வும் வெளிநாடும் பிரித்துக்கொண்டுபோன குடும்பங்கள். அவர் ஒவ்வொரு வளவின் முன்னும் ஒரு கணம் நின்று, இருந்தவர்களின் தொழிலையும் உறவையும் சொன்னார்: "இவை எங்கட அப்புவுக்கு மச்சான் முறை. நல்ல நெய் உருக்குவினம்." இது எந்தச் சுற்றுலா வரைபடத்திலும் வராத நிறுத்தம்.

வழியில் ஒரு அக்கா மோர் தந்தார். நீர் அரிதான தீவில் பால் மலிவு என்பது விந்தையாகத் தோன்றும். ஆனால் நெல்லுக்குப் போதாத மண்ணில் புல் முளைக்கும். புல்லை நம்பி மாடும் ஆடும். மழை ஐப்பசியிலிருந்து தை வரை. மிச்சக் காலத்துக்குப் பூவல்தான். மணலைக் கையால் தோண்டினால் ஊறுகிற, ஆழமில்லாத நீர்க்குழி. உப்பு நீருக்கு மேல் மிதக்கிற மழைநீர் அது. ஆழத் தோண்டினால் உவர் ஏறிவிடும் என்று விளக்கினார் அண்ணை. ஆசைப்பட்டு ஆழமாய்த் தோண்டாதே என்பதை அந்த மண்ணே சொல்லிக்கொடுத்திருக்கிறது.

பெருக்குமரத்தடியில் ஒரு சிறு பாடசாலைக் கூட்டம் வந்திருந்தது. மரத்தின் பொந்துக்குள் பிள்ளைகள் புகுந்து நின்றார்கள். அண்ணையின் தொழிலை முழுதாகக் கண்டது அங்கேதான்.

"இந்த மரம் ஆபிரிக்கா மரம். வெள்ளைப் பூ இரவில பூக்கும். அங்க வௌவால் வந்து மகரந்தம் பரப்பும். இது எழுதியிருக்கு," என்றார். "அரபு வணிகர் கொண்டுவந்ததெண்டு சொல்லுவினம். மன்னாரிலயும் பெரிசொண்டு இருக்கு. அதை நான் கண்டனான்."

அப்போதுதான் அவருடைய வாக்கியங்களின் முடிவுகளைக் கவனிக்கத் தொடங்கினேன். கண்டனான். சொல்லுவினம். எழுதியிருக்கு. காலையிலிருந்து அவர் சொன்ன ஒவ்வொரு செய்தியும் இந்த மூன்றில் ஒன்றில் வந்து முடிந்திருக்கிறது. நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வரும். கேட்கிறவர் கடைசிச் சொல்வரை பொறுத்திருந்தால்தான் இது கண்டதா, கேட்டதா, வாசித்ததா என்று தெரியும். அந்தக் கடைசிச் சொல்லில் அவர் ஒருபோதும் தவறவில்லை. நெசவாளிக்கு ஊடும் பாவும் எப்படியோ, அவருக்கு இந்த மூன்றும் அப்படி. ஒன்றோடொன்று பின்னலாம், ஒன்றை மற்றதென்று விற்கக் கூடாது.

இந்தத் திறனின் சோதனை குதிரைகளிடத்தில் வந்தது. தீவின் தெற்கு வெளியில், 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட நிலத்தில் மட்டக்குதிரைகள் மேய்கின்றன. காற்று எந்தப் பக்கம் என்று துவாயைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சுற்றி நடத்தி, எங்கள் வாடை அவற்றுக்குப் போகாத பக்கத்தில் உட்காரவைத்தார். குட்டியோடு ஏழெட்டு நின்றன. வற்றிய நீர்நிலையின் ஈரச் சேற்றை ஒன்று முகர்ந்துகொண்டிருந்தது. கடும் வரட்சியில் இவை செத்து விழுவதுண்டு. ஊரவர்கள் தொட்டிகளில் நீர் ஊற்றிக் காப்பாற்றியதுமுண்டு. "அதை நான் கண்டனான். ஊத்தினனான்" என்றார்.

யார் கொண்டுவந்தது? போர்த்துக்கேயர் என்று சொல்லுவினம். ஒல்லாந்தர் வளர்த்தார்கள், லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன, காட்டினார். பிரித்தானியர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற அயர்லாந்துக்கார லெப்டினன்ட் பொறுப்பாக இருந்து குதிரை வளர்ப்பை நடத்தினார், எழுதியிருக்கு.

பிறகு என்னை நயினாதீவுப் பக்கம் திருப்பினார். அங்கே நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 1153 முதல் 1186 வரை ஆண்ட மன்னன் அவன். ஊராத்துறைத் துறைமுகத்துக்கு வரும் பிறநாட்டு வணிகரைக் காக்கவேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றி வரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றியதென்றால் சரிபாதி. "குதிரைக்கு மட்டும் ஏன் சலுகை? குதிரை வேணும், வியாபாரி பயந்து வராமல் விடக்கூடாது. அப்ப போர்த்துக்கேயருக்கு முந்தியே இந்தக் கடலில குதிரைக் கப்பல் வந்திருக்கு. இது எழுதியிருக்கு. ஆனா இந்தக் குட்டி அந்தக் குதிரையின்ர வழியோ எண்டு கேட்டால், அதுக்கு என்னட்டைப் பதிலில்லை."

பதிலில்லை என்று சொன்னபோது அவர் குரல் தாழவில்லை. கல்வெட்டைச் சொன்ன அதே நிமிர்வோடு அதையும் சொன்னார்.

மேற்கே வெடியரசன் கோட்டை. கோட்டை என்று கண்ணுக்குத் தெரிவது முருகைக்கல் மேடுகளும் வட்டமான அடித்தளங்களும். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கப்பலேறி வந்த மீகாமனைக் கடலில் மறித்துப் போரிட்டவன் நெடுந்தீவு அரசன் வெடியரசன் என்பது கதை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கண்ணகி வழக்குரை மரபில் அது உயிரோடு இருக்கிறது. இங்குள்ள வட்டக் கட்டடங்களைப் பௌத்த எச்சங்கள் என்று ஆய்வாளர்கள் காண்கிறார்கள். வடக்கில் தமிழர் பௌத்தம் பயின்ற காலம் பற்றிய ஆய்வும் உண்டு. இன்றைய இலங்கையில் இந்தக் கற்களைப் பற்றி ஒரு சொல் பிசகினாலும் அது அரசியலாகும்.

"இரண்டையும் சொல்லுவன். கதையில இப்பிடி, ஆராய்ச்சியில அப்பிடி. ஒண்டைச் சொல்லி மற்றதை விழுங்கினா நான் வழிகாட்டியில்லை, வியாபாரி."

இறங்குதுறைப் பக்கம் இருக்கும் இரண்டு மாடிக் கோட்டை இடிபாட்டை ஒல்லாந்தர் கோட்டை என்றும் மீகாமன் கோட்டை என்றும் சொல்வார்கள். ஐரோப்பியக் காலத்துச் சுவருக்குக் காப்பியக் காலத்து மாலுமியின் பெயர். வரலாற்றுக்காரர் இதைப் பிழை என்பார். ஊர் என்ன செய்திருக்கிறது என்று நான் பார்க்கிறேன். கதையில் மோதிய இருவருக்கும் ஆளுக்கொரு கோட்டை கொடுத்து, இருவரையும் தன் மண்ணில் குடியிருத்தியிருக்கிறது.

வழிகாட்டும் இந்தத் தொழிலுக்கு அரசிடம் படிநிலை உண்டு. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, இட வழிகாட்டி என்று உரிமம் கொடுக்கிறது. ஆனால் தீவில் வழிகாட்டுகிற பலரின் வருமானம் ஓட்டோக் கூலிதான். கதைக்குத் தனிக் காசு இல்லை. காற்று மாறினால் படகில்லை, படகில்லையென்றால் வருமானமில்லை. இரண்டு மணி நேரத்தில் ஆறு இடம் காட்டுகிறவருக்கும் ஒரு நாள் முழுக்க நடப்பவருக்கும் கூலி வித்தியாசம் அதிகமில்லை. இது மாறவேண்டும். பூவலின் நுட்பம், கல்வேலியின் கணக்கு, வளவுகளின் உறவுமுறை எல்லாம் இவர்களின் வாயில் மட்டும் இருக்கின்றன. பல்கலைக்கழக மாணவர்கள் இவர்களோடு நடந்து பதிவுசெய்யவேண்டும். போகிற நாங்கள் நேரத்தையும் அதற்குரிய கூலியையும் கொடுக்கவேண்டும்.

கடைசியாக இறங்குதுறைக்கருகே குமுதினி நினைவாலயம். 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் குறிகாட்டுவானுக்குப் புறப்பட்ட பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அண்ணை தடியைக் கீழே வைத்தார். திகதியைச் சொன்னார். அந்தப் படகில் ஏறிய தன் உறவினர் இருவரின் முறையைச் சொன்னார். வேறொன்றும் சேர்க்கவில்லை. எழுதியிருக்கு என்றோ சொல்லுவினம் என்றோ அந்த வாக்கியங்கள் முடியவில்லை. "இதை நாங்கள் கேக்காட்டியும் சொல்லுவியளோ?" என்றேன்.

"நடந்து வந்தவைக்குச் சொல்லுவன். ஓட்டோவில வந்தவைக்கு நேரமிருக்காது."

படகு புறப்பட முன் சாரத்து மடியிலிருந்து ஒரு நைலோன் கயிற்றுத் துண்டை எடுத்தார். மத்தியானம் நான் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது ஆளைக் காணவில்லை. வளரும் கல்லடிக்குத் திரும்பிப் போயிருக்கிறார். அடியிலிருந்து முடிவரை பிடித்து முடிச்சுப் போட்ட கயிறு. அதே அளவில் இன்னொன்று தன்னிடம் இருக்கிறதாம்.

"ஒண்டு இஞ்ச துலைஞ்சாலும் மற்றது அங்க இருக்கும். அடுத்த முறை வரேக்க கொண்டுவாங்கோ தம்பி. அளப்பம்."

அந்தக் கயிறு இப்போது என் மேசை லாச்சியில், இந்தக் கட்டுரையின் குறிப்புக் கொப்பியோடு இருக்கிறது.