உப்புக் காற்றும் ஒட்டகக் கயிறும்



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. அதன்பின் வானூர்ப் பகுதியில் மின்சாரமின்றி, வாளியில் நீர் இறைத்து ஒளுச் செய்த நாள்களில் நாம் பொறுமை இழந்தோம். மதரஸாவில் ஓதும் பிள்ளையின் தந்தை மின்பணியாளர். அவரிடமே, "ஒரு ஸ்விட்சைப் போட இத்தனை நாளா?" என்று கேட்டுவிட்டோம்.

அவர் சினக்கவில்லை. "ஹஜ்ரத், ஒளுவுக்கு முறை இருப்பதுபோல இதற்கும் முறை உண்டு" என்று விளக்கினார். துணைமின் நிலையத்தில் முதலில் பிரேக்கரைத் திறக்க வேண்டும், அடுத்து ஐசோலேட்டர், மின்சாரம் இல்லையென்று சோதித்த பின்னரே எர்த் சுவிட்ச். ஓடும் மின்னோட்டத்தை அறுக்கும் வல்லமை பிரேக்கருக்கே உண்டு. ஐசோலேட்டரை முந்தித் திறந்தால் தீப்பிழம்பு எழும். மீண்டும் மின்சாரம் தருகையில் இதே முறை தலைகீழாகும். அவசரத்தில் கை தவறினாலும் முறை பிறழாதபடி தடுப்பது இன்டர்லாக் என்னும் பூட்டு. கம்பத்தின் மேல் நிற்பவரின் உயிர் அந்தப் பூட்டிலும் கீழே இருப்பவரின் நிதானத்திலும் இருக்கிறது.

பழைய நிலையங்களைப் புதுப்பிக்கும் பொறியாளர்கள் எண்ணெய் பிரேக்கருக்குப் பதிலாக வெற்றிட பிரேக்கரையும், பழைய ரிலேக்களுக்குப் பதிலாகக் கோளாற்றின் நேரத்தையும் அளவையும் பதிந்து வைக்கும் எண்முறை ரிலேக்களையும் அமைக்கின்றனர். மரக்காணம் உப்பளங்களை உடைய நம் கடற்கரையில் இன்னொரு கணக்கும் தேவை. பீங்கான்மேல் படியும் உப்பு ஃபஜ்ரு நேரப் பனியில் நனைந்தால் மின்சாரம் அதன்வழியே கசியும். ஆகவே மாசு மிகக் கடுமையான இடங்களுக்கு, பீங்கானின் மேற்பரப்பு வழியே அளக்கும் நீளம் ஒரு கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீட்டர் என்பது வழக்கமான அளவு. 33 கிலோவோல்ட் கருவிக்கு அதன் உச்ச அளவான 36-ஐக் கொண்டு கணக்கிட்டால் 1,116 மில்லிமீட்டர் வரும். பீங்கானில் மடிப்பு மடிப்பாகக் காணும் பாவாடைகள் அழகுக்கல்ல, இந்த நீளத்துக்காகவே.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வருகிறோம். இந்தக் கணக்கும் அந்தக் கயிறுதான் என்பது அன்றுதான் விளங்கியது. நம் நாவுக்கோ ஒரு பூட்டும் இல்லாதிருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

இனி மின்சாரம் நின்றால், குறை பேசுமுன் கம்பத்தின் மேல் நிற்பவருக்காக ஒரு துஆச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.