மேகநகரில் கண்ட கருங்கோழிகள்

ரத்லாமிலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், தாகோதுக்கு முன்பாக மேகநகர் என்றொரு நிலையம் உண்டு. விரைவு வண்டியில் செல்வோர் பெயர்ப்பலகையைப் படிக்குமுன் அது கடந்துவிடும். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மாவட்டத்துக்கு நெடுங்காலமாக அதுவே இரயில் வாயில். தசரா விடுமுறையில் நம் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார், சிறுவர் ஐவருடன் அங்கே இறங்கினோம். கோழி பார்க்கவா இத்தனை தூரம் என்று நகைத்த நண்பர்களும் உளர். முட்டை கடையில் விளைவதாக எண்ணும் பிள்ளைகளை வைத்திருப்போர் நகைக்கமாட்டார்.

நம்முடன் பணிபுரியும் பீல் இன நண்பரின் இல்லத்தில் தங்கினோம். அங்கு வீடுகள் தெருவாக அமைவதில்லை. ஒவ்வொன்றும் தன் நிலத்தின் நடுவே, சிறு மேட்டின்மேல் தனித்து நிற்கிறது. முற்றமெங்கும் மக்காச்சோளம் காய்ந்தது. அதனிடையே திரிந்தவை புகழ்பெற்ற கடக்நாத் கோழிகள். கொண்டை, நாக்கு, தோல், இறைச்சி அனைத்தும் கருமை. எலும்பிலும் கருமை படர்ந்திருக்கும். முட்டை மட்டும் வெளிறிய பழுப்பு. 2018ஆம் ஆண்டில் இவ்வினத்தின் இறைச்சி ஜாபுவாவின் பெயரால் புவிசார் குறியீடு பெற்றது. சத்தீசுகரின் தந்தேவாடாவும் அப்போது உரிமை கோரியது.

நம் பிள்ளைகள் கைநிறையத் தானியம் ஏந்தி, ஊர் வழக்கப்படி "பா, பா, பா" என்று அழைத்தனர். ஒரு கோழியும் திரும்பவில்லை. நண்பரின் அண்ணன் மகள், எட்டு வயதினள், தகரக் குவளையை இருமுறை தட்டினாள், அத்தனையும் ஓடிவந்தன. தமிழ் தெரியாத கோழிகள் என்று நம்மவர் ஒருவர் தீர்ப்புரைத்தார்.

ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டியபோது வலிய பெட்டைகள் இரண்டு மற்றவற்றைக் கொத்தி விரட்டின. கோழிக் கூட்டத்தில் இன்னது இன்னதைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரூப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே எழுதியுள்ளார். அவரை அறியாத ஐந்து வயதுச் சிறுவன், மறுபிடியை அகல விசிறினான்; அடுத்ததை ஓரத்தில் ஒதுங்கி நின்ற இளங்கோழியின் பக்கமாகவே எறிந்தான். அவனிடம் எவரும் அதைக் கூறவில்லை.

பிறகு கேள்விகள் எழுந்தன. கல்லை ஏன் விழுங்குகிறது? அதற்குப் பல் இல்லை. வயிற்றிலுள்ள தசைப்பையில் அக்கற்களே அம்மியாக நின்று தானியத்தை அரைக்கின்றன. நீர் பருகும்போது ஏன் அண்ணாந்து பார்க்கிறது? அலகில் முகந்த நீர் தொண்டைக்குள் வழிந்திறங்க வேண்டுமே! கடக்நாத் பெட்டை அடைகாப்பதில் நாட்டம் குறைந்தது என்பதால், அதன் முட்டைகளை வேறு நாட்டுக்கோழியின் கீழ் வைத்திருந்தனர். 21 நாள் காத்திருக்க வேண்டுமெனக் கேட்டுச் சிறுமியொருத்தி, விடுமுறை போதாதே என வருந்தினாள்.

அவளே மறுநாள் கேட்ட கேள்விதான் பெரியோரைத் திகைக்க வைத்தது. தான் ஊட்டிய சேவலைச் சந்தைக்கு விற்பார்களாமே, அதை வெட்டுவார்களா என்றாள். புலால் உண்ணாத குடும்பத்துப் பெண். வேறு வீட்டில் வளர்க்கக் கொடுப்பார்கள் என்று சொல்லிவிடலாமென ஒருவர் மெல்லக் கூறினார். நமக்கு அது சரியெனப் படவில்லை. ஆம், வெட்டுவார்கள், அந்தப் பணத்தில்தான் இவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு நோட்டும் மருந்தும் வருகின்றன என்று அவள் தந்தை உரைத்தார். அவள் அழுதாள். சற்றுப் பொறுத்து, அதுவரை பட்டினி போடக்கூடாதல்லவா என்று குவளையை எடுத்துச் சென்றாள்.

கோழியைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் இன்றியமையாதது. மிகச் சிறிய குழந்தைகள் குஞ்சை முகத்தோடு அணைக்க விடலாகாது. வயிற்றுப்போக்கு தரும் கிருமிகள் நலமான கோழியிடமும் இருக்கும்.

அந்திசாயக் கோழிகள் தாமாகவே கூடடைந்தன. நண்பர் வீட்டுப் பெண் தன் மொழியிலும் நம் பிள்ளைகள் தமிழிலும் எண்ணினர். பதினான்கு இருக்க வேண்டும், பதின்மூன்றே இருந்தன. விளக்கெடுத்துத் தேடியதில், அந்த ஒதுங்கிய இளங்கோழி சோளத்தட்டைப் போரின் பின்னால் நின்றது. ஐந்து வயதுச் சிறுவன் அதைத் தூக்கிவந்து கூட்டில் விட்டு, கதவைத் தானே சாத்தினான்.