பால் காணுமோ?

தீவுப்பகுதியில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால், முப்பத்தோராம் நாள் கழியும் வரை படலையைத் திறந்து வருகிற எல்லோருடைய வாயிலும் ஒரே கேள்விதான். "பிள்ளைக்குப் பால் காணுதோ?" வேலணையில் அப்பம்மா கேட்பா, நயினாதீவில் மாமி கேட்பா. இப்போது ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மாவும் வீடியோ கோலில் கேட்கிறா. போன் திரையில் பிள்ளையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "என்னடி, பெடியன் மெலிஞ்சு போனான். பால் காணாது போல. காசு போட்டுவிடுறன், ஒரு நல்ல பால்மா டின் வாங்கிக் குடு" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறா. எல்லாம் அக்கறையில் கேட்பதுதான். ஆனால் நித்திரை முறிந்து, தையல் வலியோடு கிடக்கிற தாய்க்கு அந்தக் கேள்வி எப்படி விழும் என்று யாரும் யோசிப்பதில்லை.

போத்தலில் கோடு போட்டிருக்கிறது, மார்பில் கோடு இல்லை. வீட்டாருடைய பயம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது. எவ்வளவு உள்ளே போனது என்று கண்ணால் காண முடியாததால், கண்ணில் படுகிற வேறு எதையெல்லாமோ சாட்சிக்கு இழுக்கிறோம். பிள்ளை அழுகிறது, ஆகவே பால் போதாது. இப்போதுதான் குடித்தது, திரும்பவும் கேட்கிறது, ஆகவே போதாது. முதல் கிழமை கல்லுப்போல இருந்த மார்பு இப்போது இளகிப் போய்விட்டது, ஆகவே வற்றிவிட்டது. பீய்ச்சிப் பார்த்தால் நாலு சொட்டுத்தான் வருகிறது, ஆகவே ஒன்றுமே இல்லை.

இந்தச் சாட்சிகளில் ஒன்றுகூட நிற்காது. பிள்ளை பசிக்கு மட்டுமா அழும்? வெக்கைக்கு அழும், ஈரச்சீலைக்கு அழும், தூக்கச் சொல்லியும் அழும். பிறந்த பிள்ளை 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது வழமை. அதுவும் சமமான இடைவெளியில் இல்லை. பொழுதுபடும் நேரத்தில் அரை மணிக்கு ஒருதரம் கேட்டுக் கேட்டுக் குடித்து, இடையில் சிணுங்கி, வீட்டையே இரண்டாக்கும். வீட்டில் ஆட்கள் கூடுகிற நேரமும் அதுதான் என்பதால், பாலில்லை என்ற முடிவு பெரும்பாலும் பின்னேரத்தில்தான் எடுக்கப்படுகிறது. மார்பு இளகுவது, சுரப்பு பிள்ளையின் தேவைக்கு ஏற்ப ஒழுங்குக்கு வந்துவிட்டது என்பதன் அடையாளம். கையால் பீய்ச்சுவதும் பம்ப்பில் எடுப்பதும் பிள்ளை இழுப்பதற்கு ஈடாகாது. அதில் வந்த அளவை வைத்து உள்ளே இருப்பதைக் கணக்கிட முடியாது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? தங்கச்சியின் மகள் புங்குடுதீவில் முதல் பிள்ளையோடு இருந்த நாட்களில், குடும்பநல மாது ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது நானும் அங்கே இருந்தேன். பிள்ளை பிறந்து முதல் 10 நாளுக்குள் இரண்டு தடவையாவது அவர்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்பது இலங்கையில் ஒழுங்கு. வந்தவ பாலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நேற்று விடிஞ்சதிலயிருந்து இண்டைக்கு விடியுமட்டும் எத்தினை சீலை நனைச்சவர்?" என்றா. தாய் முழித்தாள். அம்மம்மாதான் விரல் மடித்து எண்ணி, "ஏழு இருக்கும் மிஸ்" என்றா. மாது அதோடு விடவில்லை. கிணற்றடிக்குப் போய், ஊறப்போட்டிருந்த வாளிக்குள் மேலே கிடந்த சீலையை விரித்துப் பார்த்தா. நல்ல மஞ்சள், தண்ணிப் பதம், இடையிடையே சின்னத் திரள்கள். "கறுப்பு எப்ப நிண்டது?" "நாலாம் நாள்." அவவின் முகம் தெளிந்தது.

உள்ளே போனது வெளியே வந்துதானே ஆகவேண்டும். முதல் ஓரிரு நாள் தார் போன்ற கறுப்பு மலம், பிறகு பச்சை கலந்து, 5ஆம் நாளளவில் மஞ்சள். சிறுநீர் முதல் நாள் ஒன்றிரண்டு தடவை போதும். 5ஆம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 6 தடவையாவது நனைக்க வேண்டும், நிறம் வெளிறியிருக்க வேண்டும். பம்பேர்ஸ் கட்டுகிற வீடுகளில் இது தெரியாமல் போகிறது. அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதது மாதிரி இருக்கும். முதல் இரண்டு கிழமைக்காவது பழைய வேட்டித் துண்டுகளைக் கிழித்துக் கட்டச் சொல்லி அந்த மாது சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்று, ஒன்றரை மாதம் கடந்த தாய்ப்பால் பிள்ளை சில நாள் மலம் போகாமலும் இருக்கும். நனைக்கிறது, குடிக்கிறது, நிறை ஏறுகிறது என்றால் அதற்கு ஓமத்தண்ணி பருக்கத் தேவையில்லை.

பிறகு அந்த மாது பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்தா. வாய் ஆவென்று திறந்து, காம்பை மட்டுமல்லாமல் அதைச் சுற்றியுள்ள கறுப்பையும் கவ்வி, நாடி மார்பில் முட்டி நிற்க வேண்டும். முதலில் சின்னச் சின்னதாய்ச் சூப்பும், பால் இறங்கியதும் இழுவை நீளும், இடையில் நிறுத்தும். "காதைக் கிட்ட வைச்சுக் கேளுங்கோ அம்மா" என்றா. விழுங்குகிற சத்தம் கேட்டது. தொடங்கும்போது இறுகப் பொத்தியிருந்த கை, முடியும்போது விரிந்து தாயின் சட்டையில் கிடந்தது.

மிச்சச் சாட்சி தராசு. எந்தப் பிள்ளையும் முதல் சில நாளில் நிறை குறையும். 3 கிலோவில் பிறந்தது 2.8 கிலோவாவதில் பயமில்லை, பிறந்த நிறையில் 10 வீதத்துக்கு மேல் குறைந்தால்தான் வைத்தியர் பார்க்க வேண்டும். இரண்டு கிழமைக்குள் இழந்ததைப் பிடித்துவிடும். அதன்பின் முதல் மூன்று மாதமும் கிழமைக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கிராம் ஏறும். ஆண்பிள்ளைக்கு நீலம், பெண்பிள்ளைக்கு றோஸ் என்று தருகிற சுகாதாரப் பதிவேட்டில் மாதாமாதம் புள்ளி வைத்துக்கொண்டு போவது இதற்குத்தான். அதிலுள்ள வளர்ச்சிப் படத்துக்கும் ஒரு கதை உண்டு. முன்னர் உலகம் முழுவதும் பாவித்த 1977ஆம் ஆண்டின் வளர்ச்சிப் படம், குழந்தைகளைப் பொறுத்தவரை அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், பெரும்பாலும் போத்தல் பால் குடித்த பிள்ளைகளை அளந்து வரைந்தது. அதில் வைத்துப் பார்த்தால் நல்லாய் வளர்கிற தாய்ப்பால் பிள்ளை மூன்று மாதத்துக்குப் பிறகு சறுக்குவது போலத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் டெல்லி, மஸ்கட், அக்ரா, ஒஸ்லோ முதலிய இடங்களில் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளை அளந்து 2006இல்தான் புதுப்படம் வெளியிட்டது. பழைய கோட்டை நம்பி எத்தனை தாய்மாருக்குப் பால் காணாது என்று சொல்லியிருப்பார்கள்!

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர். பத்தியக் கறிக்கு மல்லி, மிளகு, சீரகம், உள்ளி கூட்டிச் சரக்கு அரைப்பதென்ன, பால்சுறாவை அவித்து உதிர்த்து வறை வறுப்பதென்ன, முருங்கையிலையென்ன! பெற்ற உடம்பு தேற இதெல்லாம் வேண்டும், ருசியும் குறைவில்லை. ஆனால் சுறா வறை சாப்பிட்டதால் மட்டும் பால் ஊறிவிடாது. தண்ணி குடித்தால் வயிறு பெருக்கும் என்று பெற்றவளைத் தாகத்தோடு கிடத்துகிற பழக்கம் வெறும் கொடுமை. பாலை ஊற வைப்பது பிள்ளையின் வாய். இறைத்த கிணறு ஊறும் என்கிறோம். தீவுக் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறிவிடும் என்பது வேறு கதை, தாய்ப்பாலுக்கு அந்தக் கணக்கு இல்லை.

இறைக்காமல் விடுவதுதான் ஆபத்து. பொழுதுபட்ட அழுகைக்கு ஒரு போத்தல் மாப்பால் கரைத்துக் கொடுப்பார்கள். பிள்ளை வயிறு நிறைந்து நீளமாய் உறங்கும். "பாத்தியே, பசியிலதான் கிடந்திருக்கு!" என்பார்கள். அந்த இரவு மார்பு இழுபடவில்லை. மறுநாள் சுரப்பு கொஞ்சம் குறையும், போத்தல் இரண்டாகும். ஒரு மாதத்தில் பால் உண்மையாகவே வற்றிவிடும். சொன்னவர்கள் சொன்னது பலித்துவிட்டது என்று இருப்பார்கள். பலித்ததல்ல, அவர்களே வற்றப்பண்ணியது.

அதுவும் எங்கள் ஊர்களில்! வேலணைச் சாட்டியின் நல்ல தண்ணியைப் பவுசரில் எதிர்பார்த்துக் குடத்தை வரிசையில் வைக்கிற இடங்களில், மாப்பாலுக்குத் தண்ணி கொதிக்க வைத்து, சூப்பிப் போத்தல் அவித்து எடுப்பது லேசான வேலையா? 2022இல் பால்மா விலை ஏறி, கடைகளில் டின்னே இல்லாமல் போனபோது போத்தலுக்குப் பழகிய பிள்ளைகளின் வீடுகள் பட்ட பாட்டை மறந்துவிட முடியாது. பசுத்தீவு என்ற பெயரும் உள்ள நெடுந்தீவில்கூட, ஒரு வயதுக்கு முன் பசுப்பால் பிள்ளைக்கான குடிபால் ஆகாது. தாய்ப்பாலில் பெரும்பங்கு தண்ணிதான். கச்சான் காற்று வெக்கையிலும் ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தனியாகத் தண்ணி தேவையில்லை. பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவையை இலங்கை 1983இலேயே கொண்டு வந்துவிட்டது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள். பெருமைப்படக்கூடிய கணக்கு.

உண்மையாகவே பால் போதாத பிள்ளைகளும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது பாவம். பிள்ளை எழுப்பினாலும் எழும்பாமல் சோர்ந்து கிடந்தால், அழக்கூடப் பலமில்லாதிருந்தால் உடனே கவனிக்க வேண்டும். 5 நாளுக்குப் பிறகும் மலம் கறுப்பாய் வந்தால், நாளுக்கு மூன்று நாலு தடவைதான் நனைத்தால், சீலையில் செங்கல் நிறக் கறை தொடர்ந்தால், வாய் காய்ந்திருந்தால், உடம்பு மஞ்சளித்துக்கொண்டு போனால் "நாளைக்குப் பார்ப்பம்" என்று இருக்கக் கூடாது. ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ இருப்பவர்கள் வைத்தியசாலைக்குத் தரைவழியால் போய்விடலாம். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் இருப்பவர்களுக்கு இடையில் கடல் கிடக்கிறது. சோளகக் காற்று எழும்பினால் குறிகட்டுவான் படகு எப்போது ஓடும் என்பது காற்றைப் பொறுத்தது. ஆகவே காலையிலேயே சீலையைப் பார்த்து, சந்தேகமென்றால் மத்தியானப் படகுக்கு முன்னம் முடிவெடுங்கள், தீவு வைத்தியசாலையில் முதலில் காட்டுங்கள்.

பிள்ளை பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பால்மா டின்னைப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். தாய்க்கு ஒரு கறிக்கு மீனும் ஒரு பிடி முருங்கையிலையும் கொண்டு போங்கள், அரை மணித்தியாலம் ஏணையை ஆட்டிக்கொண்டிருந்து அவளைப் படுக்க விடுங்கள்.