அடைப்பா, நரம்பா?

ஆண்கள் வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படும் ஒரு விஷயத்தை எழுதப் போகிறேன். முகத்தைச் சுளிக்காதீர்கள். அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஆனால் இரவில் ஆறு தடவை எழுந்து விளக்கைப் போடுவதும், விடிந்ததும் வேஷ்டியையும் விரிப்பையும் அலசிப் போடுவதும் நாம்தானே?

என் கணவருக்கு வயது 68. எட்டு வருஷமாகப் பார்க்கின்ஸன் நோய். கை நடுங்கும், நடை தளரும் என்பதெல்லாம் ஊரறிந்த சங்கதி. மூத்திரப் பையையும் அது விட்டு வைப்பதில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாது. 'வருகிறது' என்று எழுந்திருப்பதற்குள் வந்துவிடும். கல்யாணம், கச்சேரி எல்லாம் நின்றன. ஒருநாள் இருட்டில் அவசரமாக ஓடிக் குளியலறை வாசலில் விழுந்தார். நல்லவேளை, எலும்பு தப்பியது.

சிநேகிதர்கள் சும்மா இருப்பார்களா? "எல்லாம் பிராஸ்டேட்தான், ஸார்! ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், மறு வாரம் சரியாகிவிடும்" என்றார்கள். அவர்களுக்குச் சரியாகித்தான் இருந்தது. அவர்களுக்கு நரம்பு வியாதி இல்லையே!

எங்கள் நரம்பு டாக்டர் இதைப் பொறுமையாக விளக்கினார். மூத்திரப் பை சுமார் 400, 500 மில்லி கொள்ளும். அது நிரம்பி வரும்போது, 'இரு, இரு' என்று அடக்கி வைப்பது மூளை. பார்க்கின்ஸன் நோயில் அந்த அதட்டல் பலவீனமாகிவிடுகிறது. பை பாதிகூட நிரம்பாமலே சுருங்கத் தொடங்கும். பிராஸ்டேட் சுரப்பி பருத்து வழியை அடைத்தாலும் ஏறக்குறைய இதே தொல்லைதான். அடைப்பு இருந்தால் ஆபரேஷன் வழி திறக்கும். கோளாறு நரம்பில் மட்டும் இருந்தால், அடக்க முடியாத வீட்டுக்குத் தாழ்ப்பாளையும் கழற்றிய கதையாகிவிடும். பார்க்கின்ஸன் போலவே தோன்றும் 'மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி' என்ற வியாதியில் அப்படி ஆகிறவர்கள் அதிகமாம். ஆனாலும் பார்க்கின்ஸன்காரர்கள் கத்தியையே நினைக்கக் கூடாது என்பதில்லை. 2009-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பார்க்கின்ஸன் நோயாளிகள் 23 பேரில் 16 பேருக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது.

எது அடைப்பு, எது நரம்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது? 'யூரோடைனமிக்' என்று ஒரு பரிசோதனை. மூத்திரப் பையில் ஒரு மெல்லிய குழாய், ஆசனவாயில் இன்னொன்று. உப்பு நீரை மெள்ள மெள்ள விட்டு, உள்ளே அழுத்தம் ஏறுவதைத் திரையில் கோடாகப் பார்க்கிறார்கள். வலியைவிட வெட்கம்தான் பெரிது. இவர் கண்ணை மூடிக்கொண்டு ஸகஸ்ரநாமம் சொன்னாராம்!

பரிசோதனையில் இரண்டுமே இருந்தன. 120 மில்லியிலேயே பை சுருங்கியது; வழியும் அடைத்திருந்தது. "அடைப்பு தீரும், அவசரம் முழுதும் போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார் ஆபரேஷன் டாக்டர். அந்த வார்த்தைக்காகவே எனக்கு அவர்மேல் நம்பிக்கை பிறந்தது. "நீ என்ன சொல்கிறாய்?" என்று என்னைக் கேட்டார் இவர். "விழாமல் இருந்தால் போதும்" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துப் போனேன். லெவோடோபா மாத்திரை வேளை தவறக் கூடாது. தவறினால் உடம்பு மரக்கட்டையாகிவிடும். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைட் ஊசி போடக் கூடாது. அது நடுக்கத்தையும் விறைப்பையும் கூட்டும். மயக்க மருந்து டாக்டரிடம் ஒரு பிரதி, வார்டு நர்ஸிடம் ஒரு பிரதி. கெட்டிக்காரி என்று பெயர் வாங்குவதற்காக அல்ல. பிராஸ்டேட்டைப் பார்க்கிறவர்கள் கை நடுக்கத்தை மறந்துவிடலாம் அல்லவா?

குழாயை மூன்றாம் நாள் எடுத்தார்கள். இப்போது இரவில் ஆறு தடவை மூன்றாகியிருக்கிறது. அவசரம் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. சில மாத்திரைகள் வயதானவர்களின் ஞாபகத்தைக் குழப்புமாம். ஆகவே டாக்டர் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார். அதற்கும் அடங்காவிட்டால் மூத்திரப் பையின் சுவரிலேயே போட்டாக்ஸ் ஊசி போடலாமாம். அதன் பலன் சில மாதங்கள்தான். பிறகு மறுபடி போட வேண்டும். அந்த ஊசிக்குப் பிறகு சிலருக்குச் சிறுநீர் தானாக இறங்காமல், தினமும் சிறு குழாய் விட்டு எடுக்கும்படி ஆகிவிடுமாம். இவர் கை நடுங்குகிறதே! "நான் கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லியிருக்கிறேன். இவர் இன்னும் பதில் சொல்லவில்லை.