அரியலூர்ப் பாதையில் ஒரு பெரிய சக்கரம்

எங்கள் வீட்டு ஆம்னி வேனுக்குப் பத்து வயசுக்கு மேல் ஆகிறது. பின் சீட்டை மடக்கிப் பலகையைப் போட்டு, இலவம்பஞ்சு மெத்தையை விரித்தால் படுக்கை தயார். ஒரு பெட்டியில் அரிசி, பருப்பு, பாத்திரம். ஸ்டவ்வை மட்டும் வண்டிக்குள் பற்ற வைக்கவே மாட்டேன்; மரத்தடியில்தான் சமையல்.

போன தை மாதம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் போவதாக முடிவாயிற்று. சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு மாமியாருடைய பிரார்த்தனை ஒன்று பாக்கி. அப்படியே கங்கைகொண்ட சோழபுரமும் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. மகளும் அவளுடைய இரண்டு வயசுக் குழந்தையும் கூட வந்தார்கள்.

"அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி ஓடி ஓடிப் பள்ளமாக இருக்கும். சின்னச் சக்கரம் தாங்காது" என்று சொல்லி, இவர் நாலு சக்கரத்தையும் மாற்றிவிட்டார். பளபளவென்று அலாய் வீல், பெரிய டயர். வண்டி என்னமோ கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் மூட்டு வலிக்கார மாமியாருக்கு ஏறுவதற்கு முக்காலி தேவைப்பட்டது! "உனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டுவிடுவாரோ என்று நான் வாயைத் திறக்கவில்லை.

திருச்சியிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். சிறுவாச்சூர்க் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். போகிறவர்கள் நாள் பார்த்துப் போங்கள். அம்மனைக் கண்குளிரத் தரிசித்துவிட்டுச் சாத்தனூர் போனோம். அங்கே கல்லாகிப் போன ஒரு மரம் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம்! 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் கண்டறிந்து சொன்னாராம். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்தது. அந்தக் கடலின் சிப்பியும் சேறும் இறுகித்தான் சுண்ணாம்புக்கல் ஆயிற்று. அந்தக் கல்லுக்காகத்தான் அரியலூரில் சிமெண்ட் ஆலைகள், ஆலைகளுக்காக லாரிகள், லாரிகளால் ரோட்டில் பள்ளம். எங்கள் பெரிய சக்கரத்துக்கும் அந்தக் கடல்தான் காரணம் என்று மகள் சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

அங்கே வண்டியைத் திருப்பும்போது 'கரகர'வென்று ஒரு சத்தம். "கல் பட்டிருக்கும்" என்றார் இவர். எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. ஆனாலும் பேசாமல் இருந்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

அன்றிரவு அரியலூரில் நாத்தனார் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் ஜெயங்கொண்டம் பாதையில் போனோம். வண்டி நிறைய ஆட்கள், சாமான்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி அமுங்கி எழுந்தது. ஜெயங்கொண்டத்தை நெருங்கும்போது ரப்பர் கருகும் வாடை. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "என்னங்க, வண்டியை நிறுத்துங்க. இப்பவே!" என்று கத்திவிட்டேன்.

இறங்கிப் பார்த்தால்... முன் டயரின் உள்பக்கம் கத்தியால் சீவினாற்போல் தேய்ந்து, உள்ளேயிருக்கும் நூல் தெரிந்தது. பக்கத்தில் இருந்த பங்க்சர் கடைப் பெரியவர் குனிந்து பார்த்தார். "காலுக்கு மேல செருப்பு வாங்கினா தடுக்கும்ல அம்மா? காலி வண்டியில தெரியாது. ஆளு ஏறி, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா மட்கார்டுல உரசும். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா வெடிச்சிருக்கும்" என்றார். எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. குழந்தையை இறுக அணைத்துக்கொண்டேன்.

அவரிடம் பாடமும் கேட்டுக்கொண்டேன். டயரில் எழுதியிருக்கும் எண்ணைப் படிப்பது சுலபம்தான். எங்கள் பழைய டயர் 145/80 ஆர் 12. 145 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்றால் பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 80 சதவீதம். 12 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில். புதுசு 155/80 ஆர் 13. மொத்த உயரம் சுமார் 537 மில்லிமீட்டரிலிருந்து 578 ஆகிவிட்டது. சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடுவதால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64, 65-ல் போய்க்கொண்டிருக்கும்! பிரேக்கும் முன்போல் சட்டென்று பிடிக்காது.

நாத்தனார் மகன் திருச்சி போய், பரணில் கிடந்த பழைய சக்கரங்களை ஒரு குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்தான். இவர் வண்டியோடு இருக்க, நாங்கள் பஸ் பிடித்துக் கங்கைகொண்ட சோழபுரம் போனோம். ராஜேந்திர சோழன் கங்கை வரை வென்றதன் நினைவாக அமைத்த தலைநகரம். 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது அவன் கட்டிய கோயில். பெரிய நந்தி, சிங்க முகத்துக் கிணறு, சண்டேசுவரருக்குச் சிவபெருமான் மாலை சூட்டும் சிற்பம்... மாமியார் அந்தச் சிற்பத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கத்தலேன்னா இதையெல்லாம் பார்த்திருப்போமா?" என்றார்.

சகோதரிகளே, வீட்டில் வண்டி இருந்தால் இவற்றை மனசில் வையுங்கள்.

* கம்பெனி சொன்ன டயர் அளவும் காற்றின் அளவும் பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அல்லது வண்டிப் புத்தகத்தில் இருக்கும். அதையே பின்பற்றுங்கள்.
* 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எதை மாற்றுவதானாலும் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்சூரன்சிலும் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நஷ்ட ஈடு கேட்கும்போது தகராறு வரலாம்.
* ஸ்டெப்னியும் மற்ற டயர்களின் அளவிலேயே இருக்க வேண்டும். எங்களுடையது பழைய அளவு, அவசரத்துக்கு உதவவில்லை.
* பள்ளம் உள்ள ரோட்டுக்குப் பெரிய சக்கரம் மருந்தல்ல. சரியான காற்றும் நிதானமான வேகமுமே போதும்.

பழைய சக்கரத்தோடு வீடு வந்து சேர்ந்தோம். புதுச் சக்கரங்களை இவர் பாதி விலைக்கு விற்றுவிட்டார். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால், அவரே ஓரமாக நிறுத்தி, "உனக்குக் கேட்டதா?" என்று என்னைக் கேட்கிறார். நானும் கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிடுகிறேன்.