எத்தனை கே?

ஏப்ரல் 24
கீழ்க்கால் எலும்பில் இருந்த மயிரிழை விரிசல் ஆறிவிட்டதாம். ஓடலாம், ஆனால் கிலோமீட்டர் பேச்சே எடுக்கக் கூடாதாம். "நிமிஷத்துல ஓடுங்க மேடம். ரெண்டு நிமிஷம் ஓட்டம், மூணு நிமிஷம் நடை. அரை மணியோட நிறுத்திடணும்" என்றாள் பிசியோ பெண். கையோடு என் வாட்ச்சை வாங்கி, தூரம் காட்டும் திரையையும் எடுத்துவிட்டாள்.

ஏப்ரல் 27
கடற்கரை உழைப்பாளர் சிலையில் தொடங்கினேன். கலங்கரை விளக்கம் வருவதற்குள் அரை மணி முடிந்துவிட்டது. எரிச்சல்.

மே 2
எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர் எதிரே வந்தார். "வந்தாச்சா! எத்தனை கே?"
"அரை மணி நேரம்."
"சரிங்க, எத்தனை கே?"
தெரியாது என்றதும் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கால் உடைவதற்கு முன் நான் மட்டும் என்ன? வாட்ச் 9.7 காட்டினால் வீட்டுப் படி ஏறமாட்டேன். பத்து ஆகும்வரை கார் பார்க்கிங்கையே சுற்றுவேன். "எதையாச்சும் தொலைச்சிட்டீங்களாம்மா?" என்று வாட்ச்மேன் ஒருநாள் டார்ச் அடித்துத் தேடினார்.

மே 6
கத்திரி. ஐந்து மணிக்கே பனியன் பிழிந்தால் தண்ணீர். கடற்கரை ஈரக்காற்றில் வியர்வை காய்வதில்லை. உடம்புச் சூடு இறங்காமல், மெதுவாக ஓடினாலும் இதயம் அடித்துக்கொள்கிறது. ஐந்து கிலோமீட்டர் என்று வைத்தால் மார்கழியானாலும் கத்திரியானாலும் அதே ஐந்துதான். அரை மணி என்றால், கால் தளரும் நாளில் தூரம் தானாகக் குறைந்துவிடுகிறது. அந்தப் பிசியோ பெண் விவரமானவள்தான்.

மே 7
போகவில்லை.

மே 15
இன்று எட்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. பாதியில் வழக்கம்போல வேகம் எடுத்தேன். எதற்கு? விரட்டி ஓடினாலும் அரை மணி அரை மணிதான், சீக்கிரம் முடியப்போவதில்லை. விட்டுவிட்டேன். சுண்டல் வண்டிகள் தார்ப்பாய் போர்த்தி வரிசையாக நின்றன. இத்தனை வண்டிகளா? பக்கத்திலேயே எத்தனை வருஷமாக ஓடியிருக்கிறேன்.
ஏழு மணிக்கு மாமியாருக்கு இன்சுலின் போட வேண்டும். என் ஓட்டத்துக்கு எல்லை எப்போதும் அந்த ஊசிதான். பத்து கே ஓடிய நாட்களிலும்.

மே 23
பிரஸ்ஸல்ஸில் 2020இல் சிஃபான் ஹசன் ஒரு மணி நேரத்தில் 18,930 மீட்டர் ஓடினாராம். அதே மாலையில் மோ ஃபரா 21,330. நேரத்தை வைத்து ஓடினாலும் கடைசியில் மீட்டரில்தான் அளக்கிறார்கள்! படித்ததும் தூரத் திரையை மறுபடி வாட்ச்சில் போட்டுக்கொண்டேன்.

மே 24
3.9. பார்த்திருக்க வேண்டாம்.

ஜூன் 1
ஜனவரி மாரத்தானில் பத்து கே-க்குப் பெயர் கொடுக்கச் சொல்லிக் குழுவில் நச்சரிப்பு. கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அடுத்த எக்ஸ்ரே 16ஆம் தேதி. அதுவரை அரை மணிதான்.